பழைய புத்தகத்தில் படக்குறிப்பேடு: பிசகும் கைமருந்தும்

கிளிநொச்சிப் பக்கம் ஒரு வாசிகசாலையின் பின்விறாந்தையில், ஞாயிறு பின்னேரங்களில், 13 முதல் 17 வயது வரையான பிள்ளைகளோடு இந்த வேலையைச் செய்து வருகிறேன். இனி யாரும் வாசிக்கப்போவதில்லை என்ற ஒரு அச்சுப் புத்தகத்தை எடுத்து, அதன் பக்கங்களின் மேலேயே கீறுவது, ஒட்டுவது, எழுதுவது, மறைப்பது. படக்குறிப்பேடு என்றால் இவ்வளவுதான். வெள்ளைக் கொப்பிக்குக் காசில்லாததால் மட்டும் பழைய புத்தகத்துக்குப் போகவில்லை. வெறும் பக்கத்தைக் கண்டால் இந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கை ஓடாது. ஏற்கெனவே எழுத்து நிறைந்து கிடக்கிற பக்கத்தைப் பழுதாக்க அவ்வளவு பயமில்லை.

இதை முதலிலிருந்து வாசிக்கத் தேவையில்லை. உங்கள் வகுப்பில் எந்தப் பிசகு தெரிகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒன்றை மட்டும் முதலே சொல்லிவிடுகிறேன். "இந்தப் பிள்ளைக்கு ஆர்வமில்லை" என்று நான் முடிவுகட்டிய நேரங்களில் பாதிக்குமேல், பிசகு தாளிலோ பசையிலோ இருந்தது. "தாள்தான் சரியில்லை" என்று நினைத்த சில நேரங்களில் விஷயம் பிள்ளையிடம் இருந்தது.

"புத்தகத்தைக் கிழிக்க மாட்டேன்" என்கிறார்கள்

முதல் நாளே இது வரும். புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிற பிள்ளைகள் இவர்கள். நவராத்திரிக்குக் கும்பத்தடியில் வைத்துக் கும்பிட்ட சாமான் அது. வீட்டில் வயதானவர்கள் இருந்தால், 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததையும் ஏறக்குறைய 97,000 புத்தகங்கள் சாம்பலானதையும் கேட்டே வளர்ந்திருப்பார்கள். இந்தத் தயக்கம் நல்ல தயக்கம். "சும்மா கிழி" என்று தள்ளினால் அடுத்த ஞாயிறு ஆள் வராது.

முதல் வகுப்பு முழுவதையும் புத்தகம் தெரிவதற்கே கொடுத்துவிடுங்கள். மேசையில் மூன்று குவியல். நூலக முத்திரை உள்ளவை, பாடசாலைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியவை, சமய நூல்கள், யாருடையவோ கையெழுத்து நிறைந்தவை எல்லாம் தொடக்கூடாத குவியலுக்குப் போகும். இங்கே அச்சான சிறு நூல்கள், கோயில் மலர்கள், பாடசாலை ஆண்டு மலர்களும் அதே குவியல்தான். பார்க்கக் குப்பை போல இருக்கும், ஆனால் மிஞ்சிய ஒரே பிரதி அதுவாக இருக்கலாம். 2005இல் தொடங்கிய "நூலகம்" என்ற இணைய நூலகத்தில் தலைப்பைப் போட்டுத் தேடுங்கள். அங்கே இல்லையென்றால் அதற்குத் தேவை ஸ்கானர், கத்தரிக்கோல் அல்ல.

பழைய கம்பனி டயறி, காலாவதியான கணினி வழிகாட்டி, பாடத்திட்டம் மாறிய பரீட்சைக் கைநூல், கணக்குப் பேரேடு, தொலைபேசி விபரக்கொத்து ஆகியவை நமக்கான குவியல். பூஞ்சணமும் கறையானும் தின்றவை மூன்றாவது. அவை குப்பைக்கு.

ஒருநாள் ஒரு பிள்ளையின் அம்மம்மா வாசலில் நின்றுகொண்டு, "என்ன பிள்ளை, புத்தகம் கிழிக்கவோ படிப்பிக்கிறாய்?" என்று கேட்டார். மூன்றாவது குவியலிலிருந்து ஒரு கணக்கியல் கைநூலை எடுத்துக் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "இதைக் கறையான் முதலே படிச்சு முடிச்சிட்டுது" என்றார். அதன்பிறகு தன் வீட்டுப் பரணிலிருந்து இரண்டு பழைய டயறிகளை அவரே கொடுத்துவிட்டார்.

பக்கம் அலையடிக்கிறது, புத்தகம் முதலை மாதிரி வாய் பிளந்து நிற்கிறது

இரண்டு பிசகும் ஒன்றாகவே வரும், ஆனால் காரணம் வேறு.

அலைக்குக் காரணம் தண்ணீர். ஈரம் பட்டால் தாளின் நார் பருக்கும், நீளவாட்டில் அவ்வளவாக நீளாது. தாளின் ஒரு ஓரம் முதுகில் கட்டுப்பட்டிருக்கிறது, மற்ற ஓரம் சும்மா கிடக்கிறது. பருத்த தாளுக்குப் போக இடமில்லாமல் மடிந்து எழும்புகிறது. மலிவான பாடப்புத்தகத் தாள் இன்னும் கூடுதலாகக் குடிக்கும்.

முதலில் மூலைச் சோதனை. பக்கத்தின் மூலையை முன்னும் பின்னுமாக மடியுங்கள். மூன்று நாலு மடிப்பிலேயே உடைந்து கையோடு வந்தால் அந்தத் தாள் உக்கிவிட்டது. அதன்மேல் நீர்வர்ணம் போடுவது வீண்வேலை, ஒட்டு வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தாங்கினால், இரண்டு மூன்று தாள்களைச் சேர்த்து ஒட்டி ஒரே தடித்த பக்கமாக்குங்கள். வெள்ளை பைண்டர் கம்மைக் கொஞ்சமாக விட்டு, பாவித்து முடிந்த போன் கார்ட்டால் நடுவிலிருந்து வெளியே வழித்துத் தள்ள வேண்டும். விரலால் பூசினால் மேடும் பள்ளமுமாகத்தான் வரும்.

அப்புறம் அடிப்பூச்சு. ஜெஸ்ஸோ என்று கடையில் விற்பதை ஒரு வகுப்புக்கு வாங்கிக் கட்டாது. உண்மையில் அது சுண்ணக்கல் மா, வெள்ளை நிறமி, அக்ரிலிக் பசை மூன்றும் சேர்ந்த பூச்சுத்தான். வீடு கட்டிய இடங்களில் மிஞ்சிய மங்கல் வெள்ளை எமல்ஷன் 2 பங்கு, பைண்டர் கம் 1 பங்கு, துணியில் சலித்த சோக்குத் தூள் 1 பங்கு என்று கலந்துதான் நாங்கள் பூசுகிறோம். சலிக்கும்போது மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள். பளபளப்பு எமல்ஷன் வேண்டாம், அதன்மேல் நீர்வர்ணம் முத்து முத்தாகத் திரண்டு ஓடும். எனாமல் பெயின்ற்றைக் கிட்டவும் எடுக்க வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் பூசினால் தாள் ஒரு பக்கமாகச் சுருளும். பின்பக்கமும் பூசினால் இழுவை சமப்படும்.

அமத்துகிற நேரம்தான் பிள்ளைகள் பிழைவிடுகிற இடம். முழு ஈரத்தில் அமத்தினால் பக்கங்கள் ஒட்டிவிடும். முறுகக் காய்ந்தபின் அமத்தினால் அலை போகாது. புறங்கையால் தொட்டால் குளிர்ச்சி மட்டும் தெரியவேண்டும், ஈரம் ஒட்டக்கூடாது. அந்த நேரத்தில் இரு பக்கமும் வழுவழுப்புத் தாள் வைத்து, மேலே ஒரு சீமெந்துக் கல் ஏற்றி, இரவு முழுக்க விட வேண்டும். வைகாசி, ஆனியில் சோளகக் காற்று அடிக்கும்போது இந்தக் குளிர்ச்சி நேரம் ஐந்து நிமிடம்கூட நிற்காது, ஆகவே கல்லை முதலே பக்கத்தில் வைத்திருங்கள். காய்ந்து அலையடித்துவிட்ட பக்கத்தையும் காப்பாற்றலாம். பின்பக்கத்தை ஈரத் துணியால் லேசாக ஒற்றிவிட்டு மறுபடி அமத்துங்கள்.

வாய் பிளப்பதற்குக் காரணம் தடிப்பு. நீங்கள் ஒட்டுகிற ஒவ்வொன்றும் தாளைத் தடிப்பாக்குகிறது, ஆனால் முதுகு அகலாது. தொடங்குமுன்னரே மூன்றில் ஒரு தாளை எடுத்துவிட வேண்டும். அடிமட்டத்தை வைத்து, முதுகுப் பக்கம் ஒரு சென்ரிமீற்றர் விட்டுக் கிழியுங்கள். அந்தக் குறுந்துண்டு, மற்றப் பக்கங்கள் தடிக்க இடம் கொடுக்கும்.

தாள்கள் கழன்று விழுகின்றன

முதுகைப் பாருங்கள். தாள்க்கட்டுகளின் நடு மடிப்பில் நூல் தெரிந்தால் அது தைத்த புத்தகம், இந்த வேலைக்கு அதுதான் சரி. அதிலும் ஒரு தாளை அடியோடு இழுத்து எடுத்தால், மடிப்பின் மறுபக்கத்தில் அதோடு பிறந்த தாளும் ஆடத் தொடங்கும். குறுந்துண்டு விடச் சொன்னதற்கு அது இரண்டாவது காரணம். முதுகில் பசை மட்டும் பூசிக் கட்டிய புத்தகம், எங்கள் வெயிலுக்குப் பசை காய்ந்து, விரித்து அமத்தியவுடன் இரண்டாகப் பிளக்கும். அப்படிப் பிளந்தால் தலையைப் பிடிக்க வேண்டாம். பத்துப் பத்துத் தாளாகப் பிரித்து, ஓரத்தில் துளையிட்டு, தடித்த நூலால் கட்டிவிடுங்கள். சில பிள்ளைகளுக்கு அப்படிக் கட்டிய புத்தகம்தான் கூடப் பிடிக்கிறது.

ஒட்டியது உரிகிறது

முறிகண்டியில் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்திவிட்டுக் கச்சான் வாங்காமல் யாரும் பஸ் ஏறுவதில்லை. கச்சான் சுற்றித் தரும் கடதாசிச் சரை பெரும்பாலும் யாரோ ஒரு பிள்ளையின் கொப்பித் தாளாக இருக்கும், சிவப்புப் பேனைத் திருத்தம்கூடத் தெரியும். ஒட்டு வேலைக்கு அதைவிட நல்ல தாள் கிடைக்காது. ஆனால் கச்சான் எண்ணெய் ஊறிய இடத்தில் பசை பிடிக்காது. எண்ணெய்ப் பக்கம் சோக்குத் தூள் தூவி ஒரு நாள் வையுங்கள், குடித்துவிடும். அதன்பிறகும் மினுங்கினால் நாலு மூலையையும் நூலால் தையுங்கள். இலை, பனை ஓலை, நெல் உமி எதுவானாலும் நன்றாகக் காய்ந்த பிறகுதான். பச்சையாக ஒட்டினால் சுருங்கி உரியும், கறுக்கும்.

வீட்டில் கோதுமை மாவில் காய்ச்சிய பசை மலிவுதான், ஆனால் அதில் தண்ணீர் அதிகம். மாரியில் பூஞ்சணத்துக்கும் பூச்சிக்கும் அது விருந்து. புத்தகம் கட்டுபவர்கள் அதில் துருசு போடுவதுண்டு. துருசு நஞ்சு, பிள்ளைகள் புழங்கும் இடத்துக்கு ஆகாது.

பேனை எழுத மறுக்கிறது

ஒரு பிள்ளை மூன்று கிழமையாக ஒன்றும் எழுதாமல் இருந்தாள். நான் மனதுக்குள் என்னென்னவோ யோசித்தேன். கடைசியில் பார்த்தால், அவள் முதல் வேலையாகப் பக்கம் முழுக்க எண்ணெய்ப் பாஸ்டலைத் தேய்த்திருக்கிறாள். எண்ணெய்ப் பாஸ்டல் ஒருநாளும் முழுதாகக் காயாது. அதன்மேல் குமிழ்முனைப் பேனை வழுக்கும், முனையிலும் மெழுகு அடைக்கும். அவள் எழுதத்தான் பார்த்திருக்கிறாள், பேனைதான் மறுத்திருக்கிறது.

ஒழுங்கு இதுதான்: தண்ணீர்ச் சாமான் முதலில், பசை அடுத்து, பேனை பிறகு, எண்ணெயும் மெழுகும் கடைசி. தேய்த்துவிட்ட பக்கத்தில் எழுத வேண்டுமானால் கூரான குச்சியால் சுரண்டி எழுதலாம், அல்லது வேறு தாளில் எழுதி நூலால் தைக்கலாம்.

மாக்கர் பின்பக்கம் ஊறுகிறது

அழியா மாக்கரின் மை மதுசாரத்தில் கரைந்தது, எதையும் ஊடுருவும். கடைசிப் பக்கத்தைச் சோதனைப் பக்கமாக ஒதுக்கி, ஒவ்வொரு பேனையையும் முதலில் அங்கே கீறிப் பார்க்கச் சொல்லுங்கள். ஊறிய கறையைப் பூசி மறைக்கப் பார்த்தால் அது மறுபடியும் மேலே வரும். அதன்மேல் எதையாவது ஒட்டுங்கள், சரி.

ஒட்டிய படம் கரைந்து ஓடிவிட்டது

இங்க்ஜெற் அச்சு பெரும்பாலும் தண்ணீரில் கரையும். போட்டோக்கொப்பிக் கடையின் கறுப்பு, சூட்டில் உருகிப் பிடித்த பிளாஸ்ரிக் தூள், அது கரையாது. ஆகவே போட்டோக்கொப்பிதான். குடும்பப் படம் என்றால் அசலை வகுப்புக்குக் கொண்டுவரவே விடாதீர்கள். 2009 போரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த வீடுகளில், மிஞ்சியது ஒரே ஒரு படமாக இருக்கும். கொப்பி எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள், கடைக்குக் காசு இல்லையென்றால் நீங்கள் கொடுங்கள்.

கொப்பியைக் குப்புற ஒட்டி, காய்ந்தபின் பின்தாளை ஈர விரலால் உருட்டி எடுத்துப் படத்தை மட்டும் பக்கத்தில் பதிக்கிற முறையைப் பிள்ளைகள் மிகவும் விரும்புவார்கள். படத்தில் எழுத்து இருந்தால் அது கண்ணாடியில் பார்த்தது போல மாறி வரும். கடையில் முதலே படத்தைத் திருப்பி அச்சடிக்கச் சொன்னால் தீர்ந்தது.

சொல் பொறுக்கினால் வசனம் வரவில்லை

அச்சுப் பக்கத்திலிருந்து சில சொற்களை மட்டும் விட்டு, மிச்சத்தைக் கறுப்பால் மறைத்துக் கவிதை ஆக்குகிற பயிற்சி இது. ஆங்கிலப் பக்கத்தில் சொல்கள் தனித்தனியாக நிற்பதால் பொறுக்குவது சுகம். தமிழில் வேற்றுமையும் இணைப்பும் சொல்லோடு ஒட்டியே வரும். "கடலில்", "மழையில்லாததால்", "ஊரிலே" என்று பொறுக்கி வைத்தால் ஒன்றோடொன்று சேராது. பிள்ளை இரண்டு முறை முயன்றுவிட்டு, "எனக்குக் கவிதை வராது ரீச்சர்" என்று மூடி வைத்துவிடும்.

சொல்லை முழுதாக எடுக்க வேண்டாம், உடைத்து எடுக்கச் சொல்லுங்கள். "மழையில்லாததால்" என்பதில் முதல் இரண்டு எழுத்தை விட்டு மற்றதை மறைத்தால் "மழை". "கடலில்" என்பதில் கடைசி எழுத்தை மறைத்து, லியின் மேல்விலங்கையும் மறைத்து, மேலே ஒரு குற்று வைத்தால் "கடல்". "ஊரிலே" அதே மாதிரி "ஊர்" ஆகும். ஒரு குற்று வைக்கலாம் என்ற உரிமை கிடைத்தவுடன் பிள்ளைகளுக்கு இது விளையாட்டாகிவிடும். தொலைபேசி விபரக்கொத்து இதற்குச் சரிவராது, வெறும் பெயர்கள்தான். பழைய விவசாயக் கைநூல் அருமை. அதில் மண், விதை, நீர், காத்திரு, அறு என்று நல்ல சொற்கள் எல்லாம் கிடக்கின்றன.

எல்லோரும் இரண்டு மலை கீறுகிறார்கள்

"விரும்பியதைக் கீறுங்கள்" என்று சொன்னீர்கள், இல்லையா? அந்தச் சொல்லின் விளைவுதான் இது. இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு ஆறு, தென்னை, ஓட்டு வீடு. வன்னி முழுக்கச் சமதரை. இரணைமடு அணைக்கட்டில் ஏறினால் அதுதான் இவர்கள் கண்ட உயரம். ஆனாலும் மலைதான் கீறுவார்கள், ஏனென்றால் சின்ன வகுப்பிலிருந்து புள்ளி கிடைத்தது அதற்குத்தான்.

விருப்பத்தைக் கேட்காமல் சின்னக் கட்டுப்பாடு ஒன்றைக் கொடுங்கள். வீட்டிலிருந்து இங்கே வந்த வழியை எழுத்தில்லாமல் கீறு. இன்று காலில் பட்ட மண்ணைக் கம்மில் குழைத்து அதை மட்டும் நிறமாகப் பாவி. மாட்டுப்பட்டியின் சத்தத்தைக் கோட்டில் போடு. இடது கையால், ஐந்து நிமிடம். அழிறப்பரை நான் வாங்கி வைத்துக்கொள்வேன். முதல் முறை இரண்டு பேர் வழியைக் கீறும்போது அதிலும் மூலையில் மலை வைத்தார்கள். சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

போனில் பார்த்த அழகான பக்கங்களைப் பார்த்துக் கீறுவது வேறு விஷயம். அதைத் தடுக்க வேண்டாம், கை பழகும். ஆனால் பார்த்துக் கீறிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தைத் தங்கள் சாமானால்தான் நிரப்ப வேண்டும் என்பது என் வகுப்பு விதி.

மாரியில் பூஞ்சணம், மற்றக் காலம் கறையான்

ஐப்பசி முதல் மார்கழி வரை புத்தகங்களைப் பொலித்தீன் பையில் கட்டி வைக்க வேண்டாம், ஈரம் உள்ளேயே நிற்கும். நிலத்திலிருந்து உயரத்தில், சுவரைத் தொடாமல், நிமிர்த்தி, கொஞ்சம் விரித்து வையுங்கள். புள்ளி கண்டால் வெளியே கொண்டுபோய், மூக்கைக் கட்டி, காய்ந்த பிரஷால் தட்டுங்கள். மூச்சிழுப்பு உள்ள பிள்ளையிடம் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள். ஏட்டுச்சுவடிக் காலத்தில் வசம்பு வைத்தார்கள். நாங்கள் காய்ந்த வேப்பிலையும் வைக்கிறோம். கறையானுக்கு இரண்டும் போதாது. தகரப் பெட்டிதான்.

பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன

இதற்குக் காரணம் இரண்டு. எது என்று தெரியாமல் கை வைக்கக்கூடாது.

ஓரத்தைப் பாருங்கள். ஒட்டு திட்டுத் திட்டாக, வர்ணம் தடித்த இடங்களில் மட்டும் இருந்தால் அது காலநிலையின் வேலை. அக்ரிலிக்கும் வெள்ளைக் கம்மும் காய்ந்தபிறகும், புழுக்கத்திலும் அமத்தத்திலும் மறுபடி இளகி ஒட்டும். பனை ஓலை நறுக்கு ஒன்றை மெல்லச் செருகி, அறுக்கிற மாதிரி அசைத்து நகர்த்துங்கள். இரும்பு அடிமட்டம் தாளைக் கிழிக்கும், ஓலை கிழிக்காது. பிரிந்தபின் வர்ணத்தின்மேல் மெழுகுதிரியை லேசாகத் தேய்த்து, துணியால் மினுக்கி, நடுவில் ஸ்ரிக்கர் உரித்த வழுவழுப்புத் தாளை வைத்தால் திரும்ப ஒட்டாது.

மூன்று ஓரத்திலும் ஒரே சீராகப் பசைக்கோடு ஓடினால், அது காலநிலை அல்ல. பிள்ளை வேண்டுமென்றே மூடியிருக்கிறது.

நான் முதல் வருடத்தில் இதை அறியாமல், ஒரு பெடியனின் புத்தகத்தில் அடிமட்டத்தைச் செருகத் தொடங்கிவிட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. கையில் இருந்த பிரஷைக் கீழே வைத்துவிட்டு என் கையையே பார்த்தான். அப்போதுதான் கோடு கண்ணில் பட்டது. அடிமட்டத்தை எடுத்துவிட்டு, "மன்னிச்சுக்கொள் தம்பி" என்றேன். அவன் தலையாட்டினான்.

அதற்குப் பிறகு மூடுகிற வழிகளை நானே படிப்பிக்கிறேன்: ஒட்டிய பக்கம், உள்ளே கடிதம் வைக்கிற பை, கதவு மாதிரித் திறக்கும் துண்டு, மேலே பூசி மறைத்த எழுத்து. பெற்றோருக்குக் காட்டும் நாளில் எந்தப் பக்கம் திறந்திருக்க வேண்டும் என்பதைப் பிள்ளைதான் தீர்மானிக்கும். மற்றதற்கு ரப்பர் வளையம் போட்டுவிடுவோம். சித்திரப் பாடம் மாதிரிப் புள்ளி போடுவதும் இல்லை. ஒன்றை மட்டும் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்: உங்களுக்கோ இன்னொருவருக்கோ ஆபத்து என்று ஏதாவது என் கண்ணில் பட்டால் நான் பேசாமல் இருக்க மாட்டேன், ஆனால் முதலில் உங்களிடம்தான் கதைப்பேன். சிறுவர் உதவிக்கு 1929, மனநல உதவிக்கு 1926. இரண்டு இலக்கத்தையும் எல்லோருடைய புத்தகத்தின் பின்னட்டையிலும் அவரவர் கையாலேயே எழுத வைக்கிறேன். ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் அது வேறு மாதிரி ஆகிவிடும்.

அந்தப் பெடியன் வகுப்புக்குத் தொடர்ந்து வந்தான். மூடிய பக்கத்தைத் தாண்டி அடுத்த பக்கங்களில் குளம், மாடு, மாமாவின் லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் எல்லாம் கீறினான். மாரி முடிந்து தை பிறந்தபின் ஒரு ஞாயிறு, மேசைக்கு வந்து, "ஓலை நறுக்கு இருக்கா ரீச்சர்?" என்று கேட்டான். எடுத்துக் கொடுத்துவிட்டு, மற்றப் பிள்ளைகளின் பக்கம் போய் நின்றுகொண்டேன்.